ஹான்டா வைரஸ் எலைசா: வடசென்னைச் சீரத்துக்கு இந்தக் கிட்டை எவ்வளவு நம்பலாம்?

கல்மண்டபம்_லேப்:
எல்லாருக்கும் வணக்கம். ராயபுரத்தில் கல்மண்டபம் பக்கம் ஒரு சின்ன லேபில் பதினான்கு வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மழைக்குப் பிறகு வரும் காய்ச்சல் எங்களுக்குப் புதிதில்லை. கால்வாய் ஓரத் தெருக்களில் தண்ணீர் வடிந்து பத்துப் பதினைந்து நாளில் கூட்டம் தொடங்கிவிடும். டெங்கு என்எஸ்1, டெங்கு ஐஜிஎம், லெப்டோ (எலிக் காய்ச்சல்) ஐஜிஎம், ஸ்க்ரப் டைஃபஸ் என்று பார்த்தால் ஏதாவது ஒன்றில் பெரும்பாலும் விடை கிடைக்கும். கிடைக்காதவர்களில் சிலர் மட்டும் என் மனதை உறுத்திக்கொண்டே இருந்தார்கள். பிளேட்லெட் 40 ஆயிரம், சிறுநீரில் புரதம், கிரியேட்டினின் (சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் கூடும் கழிவு) மூன்று நான்கு என்று ஏறுகிறது, எல்லா டெஸ்டும் நெகட்டிவ். 'வைரல் ஃபீவர்' என்று எழுதி அனுப்பிவிடுவார்கள்.

எங்களுக்கு சாம்பிள் அனுப்பும் சிறுநீரக மருத்துவர் ஒருவர் இந்த முறை, "ஹான்டா பார்க்க முடியுமா?" என்று கேட்டார். எலியிடமிருந்து வந்து சிறுநீரகத்தைத் தாக்கக்கூடிய வைரஸ் அது. வெளிநாட்டுக் கிட் ஒன்று வாங்கினோம். ஐஜிஎம் எலைசா, அதாவது புதுத் தொற்றுக்கு உடம்பு முதலில் செய்யும் ஆன்டிபாடி சீரத்தில் (ரத்தத்தின் தெளிந்த பகுதியில்) இருக்கிறதா என்று நிறத்தை வைத்துப் பார்ப்பது. 96 வெல் (குழி). எங்கள் அளவுக்கு அது பெரிய செலவு. ஃப்ரீசரில் இருந்த பதினொரு சீரத்தை, பெயரை எடுத்துவிட்டு எண் மட்டும் போட்டு ஓட்டினேன். நான்கு பாசிட்டிவ். இரண்டு கிரே ஸோன், அதாவது பாசிட்டிவ் என்றும் சொல்ல முடியாது, நெகட்டிவ் என்றும் சொல்ல முடியாது.

அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாள் மிச்சம் இருந்த வெல்களில் என் சீரத்தையும் லேபில் உள்ள மூன்று பேருடைய சீரத்தையும் போட்டேன். ஒரு தலைவலிகூட இல்லாத எங்கள் ரிசப்ஷன் பெண் பாசிட்டிவ்! நோயாளிகளில் இரண்டு பேரைவிட அவளுக்கு ஓடி (நிறத்தின் அடர்த்தி அளவு) அதிகம்.

மருத்துவருக்கு நான் என்ன சொல்வது? கிட் சரியில்லையா, என் கை சரியில்லையா, இல்லை இது உண்மைதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூலக்கொத்தளம்_மைக்ரோ:
முதலில் ஒன்று. எதையும் ரிப்போர்ட்டாகக் கொடுக்காதீர்கள். வாய்மொழியாகக்கூட 'பாசிட்டிவ்' என்ற சொல் வெளியே போக வேண்டாம். எலியால் வரும் காய்ச்சல் என்றாலே தெரு முழுக்கப் பயம் வரும், பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர்கூட வாங்க மாட்டார்.

வேலூர்_வைராலஜி:
அக்கா, நான்கு விஷயம் வேண்டும். பிளேட்டில் பூசியிருக்கும் ஆன்டிஜென் (ஆன்டிபாடி வந்து ஒட்டும் வைரஸ் புரதம்) எந்த ஹான்டாவுடையது? அந்தப் புரதத்தை எதில் வளர்த்துச் செய்தார்கள்? சீரத்தை எவ்வளவு நீர்த்தீர்கள்? டெஸ்ட் நேரடியாக ஆன்டிஜென் பூசிய வகையா, மியூ கேப்சர் வகையா? கிட்டுக்குள் இருக்கும் தாளில் எல்லாம் எழுதியிருக்கும்.

கல்மண்டபம்_லேப்:
ஹான்டான், பூமாலா என்ற இரண்டு ஹான்டா வைரஸ்களின் நியூக்ளியோகேப்சிட் புரதமும் (வைரஸின் மரபணுவைச் சுற்றியிருப்பது) கலந்து பூசியது. ஈ.கோலை பாக்டீரியாவில் செய்தது. நீர்ப்பு 1:100. ஆன்டிஜென் நேரடியாகப் பூசிய வகைதான். பாசிட்டிவ், நெகட்டிவ் கன்ட்ரோல் இரண்டும் சொன்ன அளவுக்குள்தான் வந்தன.

குளிர்பெட்டி_மாதவரம்:
நான் ரீஏஜென்ட் டெலிவரி வேலையில் இருப்பவன். கிட் எப்படி வந்தது என்று பாருங்கள் மேடம். பெட்டிக்குள் டெம்பரேச்சர் லாகர் இருந்ததா? 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டியதை விமான நிலையத்திலிருந்து எடுத்து ஆட்டோவில் மதிய வெயிலில் கொண்டுபோனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைவிட மோசம், பத்திரமாக இருக்கட்டும் என்று ஃப்ரீசரில் வைப்பது. கான்ஜுகேட் (ஆன்டிபாடியைப் பிடித்து நிறம் வரவைக்கும் ரீஏஜென்ட்) ஒருமுறை உறைந்து உருகினால் போச்சு. மிக்ஜாம் புயலின்போது, 2023 டிசம்பரில், நான் பொருள் கொடுக்கும் ஒரு லேபில் நாள்கணக்கில் கரன்ட் இல்லாமல் ஒரு ஃப்ரிட்ஜ் முழுக்க வீணானது. அதை மறுபடி குளிரவைத்து உபயோகித்தார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வேலூர்_வைராலஜி:
அண்ணன் சொல்வது சரி, குளிர்ச் சங்கிலி விட்டுப்போனால் ரீஏஜென்ட் வீண்தான். ஆனால் இங்கே சிக்கல் அதுவல்ல என்று நினைக்கிறேன். கான்ஜுகேட் கெட்டிருந்தால் நிறம் குறையும், பாசிட்டிவ் கன்ட்ரோலே விழுந்துவிடும். நல்ல உடம்போடு இருப்பவர் சீரத்தில் நிறம் கூடாது. கான்ஜுகேட் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று: உங்கள் வாஷ் பஃபரிலோ சாம்பிள் நீர்ப்பிலோ சோடியம் அசைடு சேர்க்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கான்ஜுகேட்டில் நிறம் தரும் எச்ஆர்பி என்சைமை அது முடக்கிவிடும்.

இப்போது உங்கள் ரிசப்ஷன் தங்கைக்கு வருவோம். எனக்கு இரண்டு பேர் மேல் சந்தேகம்.

முதல் ஆள் ஈ.கோலை. நம் எல்லார் குடலிலும் இருக்கிறது, நம் எல்லார் ரத்தத்திலும் அதற்கு ஆன்டிபாடி இருக்கிறது. ஹான்டா புரதத்தை ஈ.கோலையில் செய்து எவ்வளவு சுத்தம் செய்தாலும் அந்தப் பாக்டீரியாவின் புரதம் துளி ஒட்டிக்கொண்டுதான் வரும். சீரத்தில் இருக்கும் ஈ.கோலை ஆன்டிபாடி அந்தத் துளியைப் பிடித்துக்கொள்ளும். பிளேட் மஞ்சளாகும். நாம் ஹான்டா என்று நினைப்போம். எந்த அளவுக்கு மேல் பாசிட்டிவ் என்ற கட்-ஆஃபை முடிவு செய்தவர்கள் தங்கள் ஊர் ரத்த தானக்காரர்களின் சீரத்தை வைத்துத்தான் முடிவு செய்திருப்பார்கள். நம் ஊர்த் தண்ணீர், நம் ஊர் வயிற்றுப்போக்கு, நம் ஊர் டைஃபாய்டு எல்லாம் கடந்துவந்த சீரத்துக்கு அந்தக் கோடு பொருந்தும் என்று எப்படி நம்புவது?

இரண்டாவது ஆள் ருமட்டாய்டு ஃபேக்டர், சுருக்கமாக ஆர்எஃப். மூட்டுவாதக்காரர்களிடம் அதிகம் இருக்கும், மற்ற ஆன்டிபாடியையே பிடிக்கும் ஆன்டிபாடி அது. ஆன்டிஜென் நேரடியாகப் பூசிய ஐஜிஎம் டெஸ்டில், சீரத்தில் உள்ள ஐஜிஜி (தொற்றுக்குப் பின் நீண்ட நாள் தங்கும் ஆன்டிபாடி) போய் ஆன்டிஜெனில் உட்காரும். அதன்மேல் ஆர்எஃப் ஏறி உட்காரும். ஆர்எஃப் பெரும்பாலும் ஐஜிஎம் என்பதால் கான்ஜுகேட் அதைப் பிடித்துவிடும். மியூ கேப்சர் முறையில் முதலில் ஐஜிஎம்மை மட்டும் பிடித்து வைத்துவிட்டு அதன்பிறகு ஆன்டிஜெனைக் காட்டுவார்கள், அதனால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். உங்கள் கிட் அப்படி இல்லாததால் ஆர்எஃப் தொல்லையை நீக்கும் ஆர்எஃப் அப்சார்பென்ட் தனியாக வாங்கிச் சேர்க்க வேண்டும்.

இனி ஆன்டிஜென். ஹான்டா என்பது ஒரே வைரஸ் இல்லை, ஒரு பெரிய குடும்பம். மரபணு எஸ், எம், எல் என்று மூன்று துண்டு. எஸ் துண்டு நியூக்ளியோகேப்சிட் புரதத்தைச் செய்யும். நோய் வந்ததும் உடம்பு முதலில், அதிகமாக ஆன்டிபாடி செய்வது இதற்கு எதிராகத்தான். அதனால்தான் ஏறக்குறைய எல்லா எலைசாவும் இதை வைத்தே நடக்கிறது. கொரியப் போரில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஐ.நா. வீரர்களைப் படுக்கவைத்த காய்ச்சலுக்குக் காரணம் ஹான்டான், வயல் எலியில் இருப்பது. பூமாலா ஃபின்லாந்துப் பக்கத்துக் காட்டெலியில் இருப்பது. நம் துறைமுகத்துக்குப் பொருந்தக்கூடியது சியோல் வைரஸ். கப்பலேறி உலகத் துறைமுகங்கள் எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்ந்த பழுப்பு எலியில் இருப்பது அது. சியோலும் ஹான்டானும் நெருங்கிய பங்காளிகள், ஹான்டான் ஆன்டிஜென் பூசிய பிளேட்டில் சியோல் நோயாளியின் சீரம் நன்றாகவே ஒட்டும். அதனால் உங்கள் பிளேட்டில் பாதி நமக்கு உதவும், பூமாலா பாதி அவ்வளவாக உதவாது.

அப்புறம் நம் ஊர் வைரஸ் ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட என்னால் முடியாது. வேலூரில் தோட்டப்பாளையம் தெரியுமில்லையா? 1964இல் மூளைக்காய்ச்சல் ஆய்வு நடந்தபோது அங்கே ஒரு மூஞ்சூறிலிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். தோட்டப்பாளையம் வைரஸ் என்றே பெயர் வைத்தார்கள். 1971இல் கட்டுரை வந்தபோது பூச்சிகள் பரப்பும் வகை என்றுதான் கருதினார்கள். ஹான்டான் வைரஸைப் பிரித்தெடுத்த செய்தி வெளியானதே 1978இல்தான். அதற்குப் பல வருடம் கழித்துத்தான் வேலூரில் 1964இலேயே கையில் கிடைத்தது ஒரு ஹான்டா என்று தெரிந்தது! இன்று அது இருக்கும் பேரினத்துக்கே 'தோட்டிம்வைரஸ்' என்று பெயர். பிள்ளையார் ஏறி வரும் அதே மூஞ்சூறு. நம் சமையலறை மூலையில் கீச்கீச்சென்று ஓடுவதும் அதுதான்.

அதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், தோட்டப்பாளையம் வைரஸின் புரதம் எலி ஹான்டாக்களின் புரதத்திலிருந்து வெகுதூரம் விலகியது. உங்கள் கிட்டில் உள்ள இரண்டு ஆன்டிஜெனும் அதற்கான ஆன்டிபாடியைப் பிடிப்பது அரிது. மூஞ்சூறிலிருந்து மனிதருக்கு ஏதாவது வருகிறதா என்று பார்க்க வேண்டுமானால் அந்த வைரஸின் புரதத்தையே பிளேட்டில் பூச வேண்டும்.

சால்ட்கோட்டர்ஸ்_லோடு:
இந்தக் குழுவில் நான் சும்மா படிப்பவன், டெஸ்ட் பற்றித் தெரியாது. குடோனில் மூட்டை இறக்கும் வேலை. பெருச்சாளி, எலி, மூஞ்சூறு எல்லாமே எங்களோடுதான் இருக்கிறது. நாங்கள் எல்லாரும் போய் இந்த டெஸ்ட் எடுக்க வேண்டுமா? கடிக்காவிட்டாலும் வருமா?

டயாலிசிஸ்_வார்டு:
அண்ணா, காய்ச்சல் இல்லாமல் டெஸ்ட் வேண்டாம். கடிக்காமலும் வரும் என்பதுதான் தெரிந்துகொள்ள வேண்டியது. எலியின் மூத்திரம், புழுக்கை காய்ந்து தூசியோடு கலந்து மூச்சில் போவதுதான் முக்கிய வழி. அதனால் குடோனைத் துடைப்பத்தால் காய்ந்தபடி கூட்டாதீர்கள். பிளீச்சிங் கரைசல், ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, புழுக்கை இருக்கும் இடத்தில் நனைய ஊற்றி ஐந்து நிமிடம் விட்டு, கையுறை போட்டு ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். கதவைக் கொஞ்ச நேரம் முன்னாடியே திறந்து காற்றோட்டம் விடுங்கள். லெப்டோவுக்கும் நல்லதுதான், ஆனால் அது தேங்கிய தண்ணீர் வழியாகக் காலில் உள்ள புண்ணில் ஏறும். அதற்கு பூட்ஸ் வேண்டும்.

லேப் அக்காவுக்கு: நான் சிறுநீரக வார்டில் நர்ஸ். அந்த நான்கு பேரும் எப்படிப் படுத்தார்கள், எப்படி எழுந்தார்கள் என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஹான்டா சிறுநீரகத்தைத் தாக்கும் வகையில் காய்ச்சல், ரத்த அழுத்தம் விழுவது, சிறுநீர் நின்றுபோவது, பிறகு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர், அதற்கும் மேல் கொட்டுவது, மெல்லத் தேறுவது என்று ஒரு வரிசை உண்டு. எல்லாருக்கும் எல்லாக் கட்டமும் தெரியாது. ஆனால் முதுகு வலி, கண் சிவப்பு, கண் மங்கல் என்று சொன்னார்களா என்று கேட்டுப் பார்க்கலாம். எங்கள் வார்டில் ஒருவர், நாற்பது வயதுகூட ஆகவில்லை, எல்லா டெஸ்டும் நெகட்டிவ் ஆகி, இரண்டு டயாலிசிஸ் முடிந்து, சிறுநீர் வரத் தொடங்கி வீட்டுக்குப் போனார். போகும்போது அவர் மனைவி, "அப்போ இவருக்கு என்னதான் வந்துச்சு?" என்று கேட்டார். நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி என்னிடமே தங்கிவிட்டது.

மூலக்கொத்தளம்_மைக்ரோ:
நான் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சின்ன லேபுகள் இந்த டெஸ்டைத் தொடவே கூடாது என்பது என் கருத்து. ஒரு கணக்கு சொல்கிறேன். ஆயிரம் காய்ச்சல்காரர்கள் வருகிறார்கள், அவர்களில் ஐந்து பேருக்கு ஹான்டா என்று வைத்துக்கொள்வோம். கிட் நோயில்லாதவர்களில் 97 சதவீதம் பேரைச் சரியாக நெகட்டிவ் என்று சொல்லும் என்று வைத்துக்கொள்வோம். நல்ல கிட்தான். அப்படியும் பொய்யான பாசிட்டிவ் ஏறக்குறைய முப்பது. முப்பத்தைந்து பாசிட்டிவ் ரிப்போர்ட்டில் முப்பது பேருக்கு அந்த நோயே இல்லை. அந்த முப்பது பேரில் ஒருவருக்கு லெப்டோவோ ஸ்க்ரப் டைஃபஸோ இருந்து, ஹான்டா என்று சொல்லி அவற்றுக்கான மருந்தான டாக்சிசைக்ளினை நிறுத்தினால்? ஹான்டாவுக்கென்று நிச்சயமாகக் கேட்கும் மருந்து இல்லை, தண்ணீர் அளவு, ரத்த அழுத்தம், டயாலிசிஸ் பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சை. தீரக்கூடிய நோயைத் தவறவிடுவது பெரிய பாவம்.

இன்னொன்று. மிச்சமான சீரத்தில் புது டெஸ்ட் ஓட்டுவதற்கு எத்திக்ஸ் அனுமதி வேண்டும். பெயரை எடுத்துவிட்டால் மட்டும் போதாது.

கல்மண்டபம்_லேப்:
எத்திக்ஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி சார். அனுமதி வாங்காமல் ஓட்டியது என் தப்பு. மருத்துவரிடம் இன்றே பேசுகிறேன், இனி கேட்காமல் ஒரு துளி ஓட்ட மாட்டேன். மாத்திரையை நிறுத்தும் பேச்சே இல்லை, அதையும் அவரிடம் தெளிவாகச் சொல்கிறேன்.

ஆனால் தொடவே கூடாது என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நாங்கள் பார்க்காவிட்டால் வேறு யார் பார்க்கப்போகிறார்கள்? இங்கே வரும் ஆட்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ரத்தம் கொடுக்க வருகிறார்கள். நகரத்தின் அந்தப் பக்கம் பெரிய லேபுக்கு அவர்கள் போக மாட்டார்கள். 'வைரல் ஃபீவர்' என்று எழுதிய ஒவ்வொரு தாளையும் நான்தான் பிரிண்ட் எடுத்துக் கவரில் போட்டுக் கொடுக்கிறேன். தப்பாகச் சொல்லாமல் இருக்க என்ன வழி என்று கேட்கத்தான் இங்கே வந்தேன்.

வேலூர்_வைராலஜி:
அக்கா, வழி இருக்கிறது, கொஞ்சம் வேலை. நான் இப்போது பெரம்பூரில் இருக்கிறேன். ஈ.கோலை லைசேட் நான் செய்து தருகிறேன். ஹான்டா மரபணு சேர்க்காத அதே வகை பாக்டீரியாவை வளர்த்து, உடைத்து, தெளிய வைத்தால் கிடைக்கும் சாறுதான் அது. சாம்பிள் நீர்ப்பில் அதைச் சேர்த்து அரை மணி நேரம் வைத்தால் ஈ.கோலை ஆன்டிபாடி அங்கேயே தீர்ந்துவிடும். அதன்பிறகு பிளேட்டில் போடுங்கள். ஆர்எஃப் அப்சார்பென்ட்டும் சேருங்கள். இது கிட் சொன்ன முறை இல்லை என்பதால் நம் அறிவுக்கு மட்டும்தான், ரிப்போர்ட்டுக்கு ஆகாது.

அடுத்து, பூச்சி செல்லில் செய்த சியோல் புரதம் எங்களிடம் கொஞ்சம் இருக்கிறது. அதைப் பூசிய வெல், வெறும் பூச்சி செல் சாறு பூசிய வெல் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஓடியைக் கழித்துப் பார்ப்போம். ஈ.கோலை புரதத்தில் ஒட்டியது பூச்சி செல் புரதத்திலும் ஒட்டினால் நம்பிக்கை கூடும்.

வைரஸின் மரபணுவையே தேடும் பிசிஆர் டெஸ்ட் பற்றி யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஹான்டா ரத்தத்தில் கொஞ்ச நாள்தான் இருக்கும். ஆஸ்பத்திரிக்கு வரும்போது பலருக்கு வைரஸின் ஆர்என்ஏ (மரபணு) போயிருக்கும், ஆனால் ஐஜிஎம் வந்திருக்கும். பிசிஆர் நெகட்டிவ் என்பதால் ஹான்டா இல்லை என்று ஆகாது. உண்மையில் நீங்கள் பிடிக்க வேண்டியது இரண்டாவது சாம்பிள். இரண்டு மூன்று வாரம் கழித்து அதே ஆளிடம் ரத்தம் எடுத்து, இரண்டையும் ஒரே பிளேட்டில், ஒரே நாளில் நீர்த்து நீர்த்துப் போட்டு, ஐஜிஜி நான்கு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பொய்யான பாசிட்டிவ் அப்படி ஏறாது.

எந்த வகை ஹான்டா என்று உறுதியாகச் சொல்ல, சீரம் எந்த வைரஸை முடக்குகிறது என்று பார்க்கும் நியூட்ரலைசேஷன் டெஸ்ட் வேண்டும். அதற்கு உயிருள்ள வைரஸ், பிஎஸ்எல்-3 என்ற உயர் பாதுகாப்பு ஆய்வகம். அது நம் வேலை இல்லை, ரெஃபரன்ஸ் லேபுக்கு அனுப்புவதுதான் முறை. சீரத்தைக் கையாள உங்களிடம் இருக்கும் பயோசேஃப்டி கேபினெட் போதும், சென்ட்ரிஃப்யூஜில் மூடி போட்ட பக்கெட் மட்டும் கட்டாயம்.

குளிர்பெட்டி_மாதவரம்:
மேடம், பிளேட்டைப் பையிலிருந்து எடுத்ததும் மிச்ச ஸ்ட்ரிப்பை உறிஞ்சி பாக்கெட்டோடு உடனே மூடுகிறீர்களா? உங்கள் லேப் கடலுக்கு எவ்வளவு கிட்டே என்று எனக்குத் தெரியும். காசிமேட்டுக் காற்றில் ஈரம் அதிகம், திறந்த ஸ்ட்ரிப் ஒரு மணி நேரத்தில் ஈரம் இழுத்துக்கொள்ளும். பையை முதலில் ரூம் சூட்டுக்கு வரவைத்துவிட்டுத் திறக்க வேண்டும். சியோல் புரதத்தைச் சின்னச் சின்ன அளவாகப் பிரித்து உறையவையுங்கள், ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உருக்க வேண்டாம். பெரம்பூரிலிருந்து ராயபுரத்துக்கு நானே ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து தருகிறேன், காசு வேண்டாம்.

மூலக்கொத்தளம்_மைக்ரோ:
இப்படிச் செய்வதாக இருந்தால் நானும் கூட நிற்கிறேன். எத்திக்ஸ் விண்ணப்பம் எழுத உதவுகிறேன். ஒப்புதல் தாள் தமிழில் இருக்கட்டும், படித்துக் காட்டி, கேள்விக்குப் பதில் சொல்லி, பிறகு கையெழுத்து. நோயாளிகளோடு, காய்ச்சல் இல்லாத உள்ளூர் ஆட்கள் ஒரு நாற்பது ஐம்பது பேரின் சீரமும் ஓட்டுங்கள். உங்கள் கட்-ஆஃப் உங்கள் தெருவிலிருந்து வரட்டும்.

கல்மண்டபம்_லேப்:
எழுதி நாளாகிவிட்டது, மன்னியுங்கள். அனுமதி கிடைக்கவே ஏழு வாரம் ஆனது. முடிவைச் சொல்கிறேன்.

ஈ.கோலை லைசேட் சேர்த்ததும் ரிசப்ஷன் தங்கையின் ஓடி அப்படியே விழுந்துவிட்டது. அவளிடம் சொன்னபோது அழுதேவிட்டாள். வெளியே சிரித்துக்கொண்டே இத்தனை நாள் பயந்திருக்கிறாள். அந்த நான்கு பேரில் இரண்டு பேரும் விழுந்தார்கள், கிரே ஸோனில் இருந்த இரண்டு பேரும் விழுந்தார்கள். மூன்றாமவர் ஆர்எஃப் அப்சார்பென்ட் சேர்த்ததும் நெகட்டிவ். அவருக்கு மூட்டு வலி இருப்பது எங்கள் ரெக்கார்டிலேயே இருந்தது.

மிச்சம் ஒருவர். கொருக்குப்பேட்டை, அரிசி குடோன் வேலை. எதைச் சேர்த்தாலும் அவர் விழவில்லை. பூச்சி செல் சியோல் புரதத்திலும் ஒட்டினார், வெறும் பூச்சி செல் சாற்றில் ஒட்டவில்லை. வீடு தேடிப் போய் விளக்கிச் சொல்லி, ஒப்புதல் வாங்கி, மறுபடி ரத்தம் எடுத்தோம். முதல் சாம்பிளில் ஐஜிஜி 1:100இல் மட்டும்தான் தெரிந்தது. இதில் 1:1600 வரை. மருத்துவர் பழைய கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தார். ஆறாம் நாள் சிறுநீர் 300 மில்லி, பதினோராம் நாள் நான்கு லிட்டர். நர்ஸ் தங்கச்சி எழுதியதை அவரிடம் படித்துக் காட்டினேன்.

சீரம் இரண்டும் ரெஃபரன்ஸ் லேபுக்குப் போயிருக்கிறது. பதில் வரும்வரை நாங்கள் எழுதியிருப்பது: 'ஹான்டா வகைத் தொற்று இருந்திருக்கலாம், உறுதிப்படுத்த அனுப்பப்பட்டுள்ளது.' ஆள் நன்றாக இருக்கிறார், வேலைக்குப் போகிறார்.

டயாலிசிஸ்_வார்டு:
அக்கா, இதைப் படித்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா கேட்ட கேள்விக்கு என்னால் பதில் தர முடியாது, ஆனால் உங்கள் ஆளின் வீட்டுக்கு ஒரு பதில் கிடைக்கப்போகிறது.

சால்ட்கோட்டர்ஸ்_லோடு:
எங்கள் குடோனில் இப்போது பிளீச்சிங் தண்ணீர் ஊற்றித்தான் கூட்டுகிறோம். மேஸ்திரி முதலில் திட்டினார், இப்போது அவரே வாங்கி வைக்கிறார். அந்த கொருக்குப்பேட்டை அண்ணனுக்கு ஒன்றும் ஆகாதே?

கல்மண்டபம்_லேப்:
ஆகாது அண்ணா. கிரியேட்டினின் 1.0க்கு வந்துவிட்டது.

வேலூர்_வைராலஜி:
அக்கா, ஒரே ஒரு வேலை பாக்கி. இரண்டாவது சாம்பிளில் சீரம் மிச்சம் இருக்கிறதா? நம் பக்கத்தில் ஹான்டா பாசிட்டிவ் கன்ட்ரோல் சீரம் யாரிடமும் சுலபத்தில் கிடைக்காது, வெளிநாட்டிலிருந்து வரும் குழாயில் இருப்பது வேறு ஊர் மனிதரின் ரத்தம். ரெஃபரன்ஸ் லேப் உறுதி செய்தால், அவர் சம்மதித்தால், ஒவ்வொரு பிளேட்டிலும் ஒரு வெல் இவருடையதாக இருக்கட்டும். ஐம்பது மைக்ரோலிட்டராகப் பிரித்து மைனஸ் 80இல் வையுங்கள். ஒன்றை மட்டும் என்னிடம் கொடுத்து வையுங்கள், கரன்ட் போனாலும் ஒன்று மிஞ்சும்.

கல்மண்டபம்_லேப்:
நேற்று சாயங்காலம் மறுபடி அவர் வீட்டுக்குப் போனேன். எதற்கு என்று கேட்டார். அடுத்தவருக்கு டெஸ்ட் போடும்போது சரியாக வருகிறதா என்று பார்க்க உங்கள் ரத்தத்தை வைத்து ஒப்பிடுவோம் என்றேன். "என் ரத்தத்தை வெச்சா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் மகள் தாளை முழுக்கச் சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

பன்னிரண்டு குழாய் வந்திருக்கிறது. பதினொன்று எங்கள் ஃப்ரீசரில். ஒன்றை மாதவரம் அண்ணன் டிரை ஐஸ் போட்டு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார், பெரம்பூரில் யாராவது இருங்கள்.